கடல் வற்றக் காத்த கொக்கு

கம்ப்யூட்டரை இப்போதே வாங்குவதா? அல்லது இன்னும் நல்லது வரும்வரை காத்திருப்பதா?

போனஸ் பணம் கைக்கு வரும் மாதத்தில் மில் வாசலில் இந்தக் கேள்வி பலமாகக் கேட்கிறது. அறுவடைக் கூலி சேர்ந்த சமயத்தில் விவசாயத் தொழிலாளர் தெருவிலும் கேட்கிறது. மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். மகன் கணக்கு வேலை கற்கிறான். வீட்டில் மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் பிள்ளைகள் முன்னுக்கு வருவார்கள் என்று பெற்றவர்கள் எண்ணுகிறார்கள். நியாயமான எண்ணம். ஆனால் அந்தப் பணம் பல மாத உழைப்பு. தவறினால் மறுபடி சேர்க்க வருஷங்கள் ஆகும். ஆகவே கேட்கிறார்கள்: இப்போதா, பிறகா?

பதில் சொல்ல இரண்டு கோஷ்டிகள் தயாராக நிற்கின்றன.

"பொறு! அடுத்த மாடல் வரப் போகிறது. இன்று வாங்குகிறவன் ஏமாளி" என்கிறது ஒரு கோஷ்டி.

"இருப்பதைத் தூக்கி எறி! புதியதை இன்றே வாங்கு! பணம் இல்லையா? தவணை இருக்கிறது" என்கிறது இன்னொரு கோஷ்டி.

பார்வைக்கு இரண்டும் எதிரிகள். உண்மையில் இரண்டும் ஒரே கடை வாசலில் நின்று கூவுகின்றன. இரண்டும் விற்பவனுடைய காலண்டரைப் பார்க்கச் சொல்கின்றன. உன் வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்று எதுவும் கேட்பதில்லை.

நாம் சொல்வது இதுதான்: கம்ப்யூட்டர் வாங்கும் நாளை நம்முடைய வேலை நிர்ணயிக்க வேண்டும், கம்பெனியின் விளம்பரம் அல்ல. வேலை வந்துவிட்டதா? அந்த வேலைக்குப் போதுமானதை வாங்கு. வேலை வரவில்லையா? எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே.

முதலில் சுயவிமர்சனம்

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் எங்கள் தவறை ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் யூனியன் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று 2023 கடைசியில் பத்தும் இருபதுமாக வசூல் செய்தோம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் சேர்ந்தது. கமிட்டி கூடியது. விஷயம் தெரிந்த இளைஞர் ஒருவர், "2024இல் புதிய பிராசசர் வருகிறது, பொறுக்கலாம்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். 2024 அக்டோபரில் அது வந்தது. உடனே வேறொருவர், "வந்த புதிதில் விலை அதிகம் இருக்கும், இறங்கட்டும்" என்றார். அதற்கும் தலையாட்டினோம். 2025 டிசம்பரில் கடைக்குப் போனால், மெமரி விலை ஏறிவிட்டது, அதே பணத்துக்கு அதே பெட்டி வராது என்று கைவிரித்தார்கள்.

அந்த இரண்டு வருஷமும் வேலை நின்றதா? இல்லை. பி.எப். மனு, கிராஜுவிட்டி மனு, கூலி பாக்கிப் பட்டியல், எல்லாவற்றுக்கும் பிரவுசிங் சென்டருக்கு நடந்தோம். வாரம் ஏறக்குறைய 250 ரூபாய். இரண்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 26,000 ரூபாய்! ஒரு கம்ப்யூட்டரை வாங்காமலே அதன் விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்திருக்கிறோம்.

பணத்தோடு போகவில்லை. ஓய்வு பெற்ற ஒரு ஸ்பின்னிங் தொழிலாளியின் பென்ஷன் மனுவில், அவசரத்தில் அடித்த இடத்தில், தகப்பனார் பெயரில் ஓர் எழுத்துப் பிசகு. நாங்களும் கூட்ட நெரிசலில் சரிபார்க்கவில்லை. மனு திரும்பி வந்தது. திருத்தி அனுப்பிப் பணம் வர நாலு மாதம் ஆயிற்று. நாலு மாதம் அந்தப் பெரியவர் ரேஷன் அரிசியும் கடனுமாகக் காலம் தள்ளினார். ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்திருந்தால் உட்கார்ந்து இரண்டு முறை படித்துப் பார்த்திருப்போம். புதிய பிராசசர் வராததால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது.

கடல் வற்றும், கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்த கொக்கின் கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கொக்கு நாங்கள்தான்.

அலை எப்போது ஓயும்?

"காத்திரு" என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: எதுவரை?

1965இல் கார்டன் மூர் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு சில்லில் பொருத்தக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை வருஷந்தோறும் இரட்டிப்பாகி வருகிறது என்று எழுதினார். 1975இல் அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று திருத்தினார். அந்த வேகம் பிற்பாடு தளர்ந்தது. ஆனால் "அடுத்தது வருகிறது" என்ற முரசு மட்டும் தளரவில்லை. 1975இல் காத்திருந்தவனுக்கும் காரணம் இருந்தது, 1995இல் இருந்தது, 2025இலும் இருந்தது. அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்றால் ஆயுள் முழுவதும் கரையில்தான் நிற்க வேண்டும்.

இந்த நோய்க்கு ஒரு கம்பெனியின் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கக் கம்பெனி 1981இல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சக்கைப்போடு போட்டது. பிறகு இதைவிட நல்லது வருகிறது என்று முன்கூட்டியே வாய்விட்டது. ஜனங்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினார்கள். 1983இல் கம்பெனி திவால்! திவாலுக்கு வேறு காரணங்களும் உண்டு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் பாடம் தெளிவு: "வரப் போகிறது" என்ற சொல் கையில் இருக்கும் நல்ல பொருளைக் குப்பையாகக் காட்டும் வல்லமை உள்ளது.

விலை தானாக இறங்குமாம்!

"மாடலை விடுங்கள், விலையாவது இறங்குமல்லவா? கம்ப்யூட்டர் சாமான் வருஷா வருஷம் மலிவாகும் என்பது உலகறிந்த விஷயமாயிற்றே!" என்று சிலர் வாதாடுகிறார்கள்.

பல வருஷம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது ஆடி போய் ஆவணி வருவது போன்ற இயற்கை நியதி அல்ல. 2025 கடைசியில் அது வெட்டவெளிச்சமாயிற்று. சில மாதங்களுக்குள் மெமரி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஏன்? செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதக் கம்ப்யூட்டர் கூடங்கள் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டன. உலக மெமரி உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி மூன்றே கம்பெனிகள் கையில்: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். லாபம் எங்கே கொழுத்ததோ அங்கே சரக்குத் திரும்பியது. சாதாரண வீடுகளுக்கு "குரூஷியல்" என்ற பெயரில் தான் விற்றுவந்த வியாபாரத்தையே மூடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

இந்த வியாபாரத்தின் பழைய சரித்திரமும் அழகானதல்ல. 1999 முதல் 2002 வரை மெமரி விலையைத் தங்களுக்குள் பேசி வைத்து நிர்ணயித்த குற்றத்தைப் பல கம்பெனிகள் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டன. 2004இல் இன்பினியானுக்கு 16 கோடி டாலர் அபராதம். 2005இல் ஹைனிக்சுக்கு 18.5 கோடி டாலர், சாம்சங்குக்கு 30 கோடி டாலர். 2025இன் விலையேற்றமும் சதி என்று நாம் சொல்லவில்லை. மூன்று பேர் கையில் சந்தை இருக்கும்போது சதிகூடத் தேவையில்லை! விலை ஏறுவதும் இறங்குவதும் அவர்களுடைய லாபக் கணக்கு. அந்தக் கணக்கைக் கூலிக்காரன் வீட்டில் உட்கார்ந்து ஜோசியம் பார்ப்பது வீண் வேலை.

சாகாத மாட்டுக்குச் சாவுச் சீட்டு

இனி மறு கோஷ்டிக்கு வருவோம். "பழையதைத் தூக்கி எறி" என்கிற கோஷ்டி.

மைக்ரோசாப்ட் கம்பெனி 2015இல் விண்டோஸ் 10 என்ற இயக்க மென்பொருளை வெளியிட்டது. உலகத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் அது ஏறியது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தம் இல்லை என்று நிறுத்தியது. ஓடும் கம்ப்யூட்டர் அன்றிரவே நின்றுவிடவில்லை. ஆனால் திருடன் நுழையும் ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டான். வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு வருஷ அவகாசம் கொடுத்தது. அதற்கும் நிபந்தனை, அல்லது பணம்.

"சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே?" போடலாம், கம்பெனி அனுமதித்தால்! டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பு வேண்டும். இன்டெல் பிராசசராக இருந்தால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்று விதி. எட்டாம் தலைமுறை வந்தது 2017இன் பிற்பகுதியில். ஆகவே 2017 தொடக்கத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கிய நல்ல கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 வந்த 2021இலேயே தீண்டத்தகாததாயிற்று! அதன் கை ஓடுகிறது, கால் ஓடுகிறது, மூளை வேலை செய்கிறது. ஆனால் சீட்டுக் கிழிந்துவிட்டது! ஏர் உழும் மாட்டை வாசலில் நிறுத்தி, "இதன் காதில் வளையம் இல்லை, ஆகவே இது செத்த மாடு" என்று சொன்னால் நம் சம்சாரிகள் ஒப்புக்கொள்வார்களா?

பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். பாதுகாப்பு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பின் செலவு முழுவதும் ஏன் வாங்கினவன் தலையில் விழ வேண்டும்? இதுதான் கேள்வி.

பொருளின் ஆயுளை முதலாளிகள் கூடி முடிவு செய்வது புதிதல்ல. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஐரோப்பாவின் பெரிய பல்பு கம்பெனிகள் ஒரு கூட்டணி அமைத்தன. ஆஸ்ரம், பிலிப்ஸ் இரண்டும் அதில் அடக்கம். பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று வைத்தார்கள். அதைவிட நீண்ட நாள் எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்கு அபராதம் விதித்த உலகம் இது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைக் குவித்தது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறைப்படி திரும்பச் சேகரித்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குப்பையில் எத்தனை உயிருள்ள மாடுகளோ!

"பிறகு அப்கிரேடு செய்துகொள்ளலாம்"

கடைக்காரர் இன்னொரு தூண்டிலும் வைத்திருக்கிறார். "இப்போது சிறியதாக வாங்குங்கள், பிறகு பெருக்கிக்கொள்ளலாம்." இதில் பாதி நிஜம், பாதி புளுகு. எது எதுவென்று பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

மெமரியையும் டிஸ்க்கையும் பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் சுலபமாக மாற்றலாம். இது நிஜம். அதிலும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால், காலையில் திறந்து டீ குடித்துவிட்டு வந்தாலும் தயாராகாத பெட்டி ஒரு நிமிஷத்துக்குள் எழுந்து நிற்கும். பழைய கம்ப்யூட்டருக்கு இதைவிடச் சிறந்த வைத்தியம் கிடையாது.

ஆனால் பிராசசரை மாற்றுவது? அங்கேதான் சூட்சுமம். பிராசசர் உட்காரும் பீடத்தை இன்டெல் 2015, 2020, 2021, 2024 என்று மாற்றிக்கொண்டே வந்தது. பீடம் மாறினால் மதர்போர்டு மாற வேண்டும். டி.டி.ஆர்.4 மெமரி டி.டி.ஆர்.5 போர்டில் ஏறாது; அதுவும் மாற வேண்டும். கடைசியில் மிஞ்சுவது தகரப் பெட்டியும் கீபோர்டும்தான்! வேண்டுமென்றால் வேறு மாதிரி செய்ய முடியாதா? முடியும். ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 பீடத்தில், 2017இல் விற்ற பல போர்டுகளில், 2022இல் வந்த பிராசசர்கூட ஏறி உட்கார்ந்தது. அந்தக் கம்பெனியும் தருமத்துக்குச் செய்யவில்லை. போட்டியில் பிழைக்கச் செய்தது. ஆனால் செய்ய முடியும் என்பது நிரூபணமாயிற்று.

ஆகவே விதி இது: மெமரியும் டிஸ்க்கும் பிறகு கூட்டலாம். மற்றவை வாங்கும் நாளில் எப்படியோ, கடைசிவரை அப்படித்தான்.

முதலாளி எப்படி வாங்குகிறார்?

மில் தொழிலாளத் தோழர்களே! உங்கள் டிபார்ட்மெண்டில் நிற்கும் ரிங் பிரேமைப் பாருங்கள். எத்தனை வருஷத்து மெஷின் அது? புதிய மாடல் வந்துவிட்டது என்று முதலாளி அதை வீசினாரா? டிராவலர் தேய்ந்தால் டிராவலரை மாற்றுகிறார். அப்ரான் போனால் அப்ரான், ஸ்பிண்டில் ஆடினால் ஸ்பிண்டில். எங்கேயாவது மில் மூடிக் கிடந்தால் அதன் மெஷினை ஏலத்தில் எடுத்துப் பூட்டி இருபது வருஷம் ஓட்டுகிறார். எத்தனை கிலோ நூல் இறங்குகிறது, எவ்வளவு செலவு என்று மட்டும் பார்க்கிறார். புதிய மெஷின் வாங்கினால் அதுவும் அந்தக் கணக்கின்படிதான்.

தன் மெஷினுக்கு இப்படிக் கணக்குப் பார்க்கிற அதே வர்க்கம் நம்மிடம் வரும்போது என்ன சொல்கிறது? "மூன்று வருஷமாயிற்று, பழசு, மாற்று!" என்கிறது. முதலாளிக்கு மெஷின் உழைப்புக் கருவி. நமக்கு மட்டும் அது அந்தஸ்துச் சின்னமா? அவர் கணக்கு நமக்கும் தெரியும் என்று காட்ட வேண்டிய இடம் இதுதான்.

என்ன செய்வது?

வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்து, அது மெதுவாக ஓடுகிறதா? புதியது வாங்காதே. எஸ்.எஸ்.டி. மாட்டு. விண்டோஸ் 11 ஏறாதென்றால் லினக்ஸ் போடு. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கி, உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்த இயக்க மென்பொருள் அது. விலை கிடையாது. தமிழ்99 முறையில் தட்டலாம், கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், இணையத்தில் மனுப் போடலாம். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக இதில்தான் படிக்கிறார்கள்.

இதில் ஒளிவு மறைவு வேண்டாம். டேலி போன்ற சில மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மகன் கணக்கு வேலைக்கு டேலி கற்கிறான் என்றால், விண்டோஸ் 11 ஏறும் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். வேலைதான் நிர்ணயிக்கிறது என்று சொன்னோமே, அதன் பொருள் இதுதான்.

கம்ப்யூட்டரே இல்லை, ஆனால் படிப்போ வேலையோ வந்துவிட்டதா? காத்திராதே. பெரிய ஆபீஸ்கள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் கம்ப்யூட்டர்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு வருகின்றன. அங்கிருந்து நம் ஊர்க் கடைக்கும் வருகின்றன. மெமரி விலை ஏறிய காலத்தில் இதற்கு இன்னொரு லாபம்: மெமரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது! எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர், 8 ஜி.பி. மெமரி, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இவை இருந்தால் சாதாரணப் படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் தாராளம்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவோமா? இங்கும் பார். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார். காற்றாடி கத்துகிறதா, தானாக அணைகிறதா, எல்லாத் துளைகளிலும் பென் டிரைவ் ஏறுகிறதா, டிஸ்க்கின் ஆரோக்கியம் என்ன என்று திரையில் காட்டச் சொல். எத்தனையாவது தலைமுறைப் பிராசசர் என்று எழுத்தில் வாங்கு. பில்லும் சில மாத கியாரண்டியும் இல்லாமல் பணத்தை எடுக்காதே. சில கம்பெனிப் பெட்டிகளில் பவர் சப்ளையும் போர்டும் தனி அளவு; பொதுச் சாமான் பொருந்தாது. மாற்றுச் சாமான் கிடைக்குமா என்று ரிப்பேர்க்காரரைக் கேட்டுக்கொள். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரானால் யு.பி.எஸ். செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு.

வேலை இன்னும் வரவில்லையா? பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கிறான், "பிற்காலத்துக்கு உதவும்" என்று வாங்கச் சொல்கிறார்களா? வேண்டாம். பிற்காலம் வரும்போது வாங்கு. நாலு வருஷம் தூசி தின்ற கம்ப்யூட்டர் நாலு வருஷம் பழையதுதான்.

தவணையில் வாங்காதே. "வட்டியில்லாத் தவணை" என்று பலகை தொங்குகிறது. வட்டியே இல்லாத கடன் என்பது கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் பாங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. வட்டி, விலைக்குள் ஒளிந்திருக்கும். அல்லது கிடைக்க வேண்டிய தள்ளுபடியை விழுங்கியிருக்கும். அல்லது "பிராசசிங் கட்டணம்" என்ற வேஷத்தில் வரும். ஒரு மாதம் லே-ஆப் என்றால் தவணை லே-ஆப் ஆகாது!

சில ஆட்சேபங்கள்

"செகண்ட் ஹேண்ட் சாமான் தொழிலாளிக்குத்தானா? அவன் பிள்ளைக்குப் புதியது கூடாதா?" என்று ஒரு தோழர் கோபமாகக் கேட்டார். அந்தக் கோபம் நமக்குப் பிடிக்கிறது. தொழிலாளி பிள்ளைக்கு மிகச் சிறந்தது கிடைக்க வேண்டும். ஆனால் மிகச் சிறந்தது எது? பளபளக்கும் பெட்டியும் மூன்று வருஷக் கடனுமா? அல்லது வேலை செய்யும் கம்ப்யூட்டரும், மிச்சப் பணத்தில் பரீட்சைக் கட்டணமுமா? புதியது வாங்க வசதி இருந்தால், கடனில்லாமல் வாங்கட்டும்; யாரும் தடுக்கவில்லை. அப்போதும் வேலைக்குப் போதுமானதையே வாங்கட்டும்.

"கைபேசி போதாதா?" என்று வேறு சிலர். பாட்டுக் கேட்கவும் பணம் அனுப்பவும் போதும். இருபது பக்க மனுவை அடித்துத் திருத்தவும், முந்நூறு பேர் கூலிப் பட்டியலைக் கூட்டிப் பார்க்கவும், வரைபடம் போடவும் போதாது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"ஒருவருக்கே கஷ்டமாக இருக்கிறதே?" ஆமாம். ஆகவே நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கக் கூடாதா? யூனியன் ஆபீசிலோ ஊர்ப் படிப்பகத்திலோ வைத்து, மாலையில் பிள்ளைகளும் பகலில் மனு எழுதுவோரும் முறை போட்டு உபயோகித்தால், ஒரு கம்ப்யூட்டர் பத்து வீட்டுக்கு உழைக்கும்.

கடைசியாக, எங்கள் கதையின் முடிவு. இந்த முறை கமிட்டியில் யாரும் மாடல் பெயரைச் சொல்லவில்லை. "என்ன வேலை?" என்று மட்டும் கேட்டோம். ஆபீஸ் ஒன்று கழித்த எட்டாம் தலைமுறைப் பெட்டியை, பில்லோடு, ரொக்கத்துக்கு வாங்கினோம். வசூல் பணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது, அதில் யு.பி.எஸ்., ஒரு பிரிண்டர். முதலில் அடித்தது ஒரு விதவைத் தோழியரின் பென்ஷன் மனு. மூன்று முறை படித்துப் பார்த்தோம். தகப்பனார் பெயரில் எழுத்துப் பிசகு இல்லை.

தோழர்களே! நல்ல நாள் பார்த்து வாங்குவது என்றால், விற்பவன் குறித்துக் கொடுக்கும் நாள் நல்ல நாள் அல்ல. வேலை வந்து வாசலில் நிற்கும் நாளே நல்ல நாள். அன்று தயங்காதே. அதற்கு முன் மயங்காதே.